உறையின் மேல் பெயர் வேண்டாம்

கேள்வி: மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் ஸ்டோர் கிளார்க்காக இருக்கிறேன். வராத சிமென்ட் மூட்டைகளுக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். புகார் செய்தால் வேலைக்கு ஆபத்து வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில், கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் நீங்களும் கூட்டாளி.

2003 நவம்பரில் சத்யேந்திர துபே என்ற நெடுஞ்சாலைப் பொறியாளர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். அந்தக் கடிதமோ பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. அதன் பிறகுதான் 2004-ல், ஊழலைப் புகார் செய்பவரின் பெயரை ரகசியமாக வைத்துப் பாதுகாக்கும் மத்திய அரசின் பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானம் வந்தது. 2014-ல் இதற்கென்று சட்டமே நிறைவேற்றினார்கள். நடைமுறைக்குக் கொண்டுவர மட்டும் மனசு வரவில்லை. ஆகவே உங்களுக்கு இன்றைக்கும் அந்தப் பழைய தீர்மானம்தான் துணை.

மத்திய அரசுத் துறைகளின் ஊழல் புகார்களைக் கவனிக்கும், டெல்லியில் உள்ள மத்திய கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளருக்குத் தபாலில் எழுதுங்கள். நன்றாக ஒட்டிய உறையின் மேல் 'பொதுநல வெளிப்படுத்தலின் கீழ் புகார்' என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். உள்ளே கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ பெயரும் முகவரியும் கட்டாயம்; மொட்டைக் கடிதத்தை எடுக்க மாட்டார்கள். எனக்கு எழுதிய கவரின் பின்பக்கம் பெயர், பணியாளர் எண் எல்லாம் முத்து முத்தாக எழுதியிருக்கிறீர்களே, அங்கே அப்படிச் செய்துவிடாதீர்கள்! 'ஸ்டோரில் இருக்கும் நான்' என்பது போன்ற அடையாளமும் புகாரை விவரிக்கும் பகுதிக்குள் வேண்டாம்.

பிறகு பழிவாங்கினால், இடமாற்றமோ மெமோவோ, அதே ஆணையத்திடம் பாதுகாப்புக் கேட்கலாம். ரசீது நகல்களை வீட்டில் வையுங்கள், ஆபீஸ் டிராயரில் அல்ல.