பூஜையை நிறுத்த வேண்டாம்

பெரம்பூர் நண்பருக்கு வணக்கம். எட்டாம் வகுப்பு மகள் எந்த அறிவியல் கேள்விக்கும் "கடவுள் படைத்தார்" என்று முடித்துவிடுகிறாள், வீட்டில் பூஜையை நிறுத்தட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நம்பிக்கையை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

கோள்களின் பாதையைக் கணக்கிட்ட வானியலாளர் கெப்ளர் தீவிர பக்தர். படைப்பில் கணக்கு இருக்கும் என்று நம்பியவர், செவ்வாயின் பாதையில் வெறும் 8 கலை (ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு ஒரு கலை) பிசகியதை, அதாவது முழுநிலா அகலத்தில் கால்பங்கை, விட மனமில்லாமல் வட்டத்தையே கைவிட்டார். 1609-இல், செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்ற அவரது முடிவு வெளிவந்தது. நியூட்டனும் பக்தர்தான். ஆனால் கோள்களின் ஒழுங்கு குலைந்தால் கடவுள் சரிசெய்வார் என்று அங்கேயே நின்றுவிட்டார். அப்படிக் குலைவாகத் தெரிந்த வியாழன், சனியின் தடுமாற்றம் சுமார் 900 ஆண்டுகளில் தானே திரும்பிவரும் சுழற்சிதான் என்று 1780-களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கணக்கிட்டுக் காட்டினார்.

மகளோடு இதைச் செய்து பாருங்கள். தாளின் இடப்பக்கம் ஒரு கூட்டல்குறி, 8 செ.மீ. தள்ளி வலப்பக்கம் ஒரு பொட்டு. இடக்கண்ணை மூடி, கூட்டல்குறியையே பார்த்தபடி தாளை 30 செ.மீ. தூரத்தில் மெல்ல முன்பின் நகர்த்தட்டும். பொட்டு மறையும். பார்வை பொட்டின் பக்கம் நழுவினால் மறையாது, கவனம். மறையும்போது பொட்டின் பிம்பம் விழுவது, பார்வை நரம்பு விழித்திரையைத் துளைத்து வெளியேறும் இடத்தில். ஆக்டோபஸ் கண்ணில் நரம்பு பின்பக்கமாகவே போவதால் இந்தக் குருட்டுப்புள்ளி கிடையாது. அப்போதும் "கடவுள் அப்படிப் படைத்தார்" என்றால் மறுக்காதீர்கள். "சரிம்மா, எப்படி?" என்று மட்டும் கேளுங்கள்.