அனுபவமுள்ளவர் ஓய்வுபெறும்போது அவருடைய அறிவை நிறுவனத்தில் எப்படித் தக்கவைப்பது?

எழுதி வாங்கிவிட்டால் போதும் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும் என்பதே என் பதில். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பனை உற்பத்திக் கூட்டுறவுச் சங்கமொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், பனங்கட்டி காய்ச்சுவதில் நன்கு தேர்ந்த அம்மா ஒருவர் ஓய்வுபெறவிருந்தார். அவரிடம் இரண்டு நாட்கள் கேட்டுக் கேட்டு, கருப்பநீரின் (பதநீரின்) அளவு, அடுப்பின் சூடு, காய்ச்சும் நேரம் யாவற்றையும் குறித்து ஒரு கைந்நூல் தயாரித்தேன். அவர் போன பிறகு அதைப் பார்த்துக் காய்ச்சிய பிள்ளைகளுக்கு ஒரு நாள் இறுகாமல் பாணியாகவே நின்றது. மறுநாள் அடிப்பிடித்துக் கசந்தது. கருப்பநீரில் சேர்ந்த சுண்ணாம்பும் விறகின் ஈரமும் நாளுக்கு நாள் மாறுவதால், அந்த அம்மா நேரத்தைப் பார்த்ததே இல்லை. நுரையின் நிறத்தையும் அகப்பையில் தெரியும் கனத்தையும் கொண்டே இறக்கினார். அதை நான் கேட்டிருந்தாலும், "பதம் தெரியும் பிள்ளை" என்றுதான் சொல்லியிருப்பார்.

சொல்லக்கூடியதைவிட அதிகமாகவே நாம் அறிந்திருக்கிறோம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் பொலன்யி 1966 இல் எழுதினார். அக்கருத்தை நிறுவனங்களுக்குப் பொருத்தி விளக்கிய ஜப்பானிய அறிஞர் இக்குஜிரோ நொனாக்கா காட்டும் உதாரணம் எங்கள் அடுப்படிக்கு மிக நெருக்கமானது. 1980களில் மட்சுஷிட்டா என்ற மின்சாதன நிறுவனம் வீட்டிலேயே பாண் செய்யும் இயந்திரத்தை உருவாக்க முயன்றபோது, பாணின் வெளிப்புறம் கருகியது, உள்ளே வேகவில்லை. மென்பொருள் பிரிவிலிருந்த பெண்ணொருவர் ஒசாக்காவின் ஹோட்டல் ஒன்றில் பாண் தயாரிப்பில் தலைசிறந்தவரிடம் சென்று பழகி, அவர் மாவை இழுக்கும்போது கூடவே முறுக்குவதைக் கண்டுகொண்டார். "முறுக்கி இழுத்தல்" என்ற பெயர் கிடைத்த பின்னரே பொறியியலாளர்களால் இயந்திரத்தின் உட்புறத்தில் வரம்பு போன்ற புடைப்புகளைப் பொருத்தி அந்த அசைவை உண்டாக்க முடிந்தது.

உடனிருந்து பழகுதல், பழகியதைச் சொல்லாக்குதல், சொற்களைத் தொகுத்தல், தொகுத்ததைச் செய்து செய்து கைவசமாக்குதல் என்று நொனாக்கா கூறும் நான்கு படிகளில் நான் மூன்றாவதிலிருந்தே தொடங்கியிருந்தேன். அடுத்த பருவத்தில் அந்த அம்மாவை மீண்டும் அழைத்து, இருவரை அவர் அருகில் இருத்தினோம். கொதியின் குமிழிகளுக்கு அவர்களாகவே "மீன்கண்", "மாட்டுக்கண்" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்களோடு எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு மற்றக் கிளையினருக்கும் விளங்கியது.

இதில் நிர்வாகம் கவனிக்க வேண்டியது கூலி. கற்றுக்கொடுக்கும் நாளில் உற்பத்தி குறையும். கட்டி எண்ணிக் கூலி கொடுக்கும் இடத்தில் எவரும் மனமுவந்து கற்றுக்கொடுக்க முடியாது. ஆகையால் அந்தப் பருவம் முழுவதும் அவருக்கு நாட்கூலி கொடுத்தோம்.