ஸ்லீவ் ஆபரேஷன் (எடை கொறைக்க இரைப்பைய சின்னதாக்கறது) முடிஞ்சு ரெண்டு வாரத்துல திரும்ப அட்மிட் ஆயிட்டேன், அப்ப ஆபரேஷன் ஃபெயிலா?

இல்லவே இல்லங்க. உங்க வீட்டுலயும் யாராவது "நல்லா இருந்த வயித்த வெட்டிக்கிட்டு இப்ப படுத்துக்கிட்டா"ன்னு பேசியிருப்பாங்க, இல்லன்னா இப்படி கேக்கத் தோணாது.

எனக்கும் ஸ்லீவ்தான், இரைப்பைல முக்கால் பங்குக்கு மேல எடுத்துட்டாங்க. அழகுக்காக பண்ணிக்கல. சுகர் இருந்துச்சு, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்துச்சு, அதனாலதான் இங்க சிங்கப்பூர்ல மருத்துவச் செலவுக்குன்னு சேத்து வைக்கிற மெடிசேவ் கணக்குலயே காசு எடுக்க விட்டாங்க.

வீட்டுக்கு வந்த புதுசுல நல்லாத்தான் இருந்தேன், அப்புறம் தண்ணி குடிச்சாலே நெஞ்சுக்குழில நின்னுக்கிட்டு கொஞ்ச நேரத்துல நுரை நுரையா வாந்தி. மருந்து ஊத்திக் குடுக்கற அந்த 30 மில்லி பிளாஸ்டிக் கப்ப கையில வச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன், அது ஒண்ணு எறங்கறதுக்குள்ள சீரியலே முடிஞ்சிடும், இதுல ஒரு நாளைக்கு குடிக்கச் சொன்ன ஒன்றரை லிட்டருக்கு எங்க போறது. ஒண்ணுக்கு தே-ஓ (பால் ஊத்தாத டீ) கலர்ல போச்சு, எந்திரிச்சா கண்ணு இருட்டிச்சு. மாமியார் ரசஞ்சோறு கரைச்சு எடுத்துட்டு வந்தாங்க, பாசம்தான், ஆனா அந்த நேரத்துல சோறு உள்ள போகவே கூடாது. வீட்டுக்காரர் எதுவும் பேசாம கிராப் புக் பண்ணி ஏ அண்ட் இ-க்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) கூட்டிட்டுப் போயிட்டாரு.

தையல் போட்ட எடத்துல லீக் இருக்கான்னு ஸ்கேன் பண்ணாங்க, இல்ல. வெறும் நீர்ச்சத்து கொறைஞ்சதுதான். டிரிப்ல மொதல்ல பி1 விட்டமின்தான் போட்டாங்க, ஏன்னு கேட்டதுக்கு, தொடர்ந்து வாந்தி எடுத்தா அது ஒடம்புல தீந்துடும், அது இல்லாம குளுக்கோஸ் ஏத்துனா மூளையவே பாதிக்கும்னு நர்ஸ் சொன்னாங்க. மொத மாசத்துல திரும்பி வர்றவங்கள்ல நெறைய பேரு இந்த வாந்திக்கும் நீர்ச்சத்து கொறையறதுக்கும்தான் வர்றாங்களாம். நான் டாக்டர் இல்ல, எனக்கு நடந்தத சொல்றேன். நடந்தே எடைய கொறைச்சவங்க இருந்தா சந்தோஷம், அதுக்காக எங்கள சோம்பேறின்னு சொல்ல வந்துடாதீங்க.

எனக்கு இன்னும் ஆறாதது ஆபீஸ்தான். ரெண்டாவது எம்சி (டாக்டர் தர்ற மெடிக்கல் லீவ் சர்டிபிகேட்) குடுத்ததும் எச்ஆர்ல "இது காஸ்மெடிக்தானே, நோ பே லீவ் போட்டுக்கோங்க"ன்னாங்க. ஆறு மாசம் வேலை பாத்தவங்களுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஹாஸ்பிடலைசேஷன் லீவ் சட்டத்துலயே இருக்கு, சாதா எம்சி 14 நாளும் அதுக்குள்ளதான். டாக்டர் லெட்டர் கொண்டுபோய் வச்சப்புறம்தான் சம்பளம் வந்துச்சு. அதே டிப்பார்ட்மெண்ட்ல முட்டி ஆபரேஷன் பண்ணவருக்கு எல்லாரும் காசு போட்டு பழக்கூடை அனுப்புனாங்க. குண்டா இருக்கறவங்களுக்கு வந்தா மட்டும் அது வலி இல்லையா?

உங்க விஷயத்துக்கு வர்றேன். டிஸ்சார்ஜுக்கு முன்னாடி வாந்தி மாத்திரைய கேட்டு வாங்கிக்கோங்க, விட்டமின் எப்ப ஆரம்பிக்கணும்னும் கேட்டுடுங்க. வீட்டுல காய்ச்சல் அடிச்சாலோ, சும்மா படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ, வயிறோ இடது தோளோ வலிச்சாலோ அப்பாயின்மெண்ட் வரட்டும்னு இருக்காதீங்க, நேரா ஏ அண்ட் இ, நிக்க முடியலன்னா 995 ஆம்புலன்ஸ். கவுன்டர்லயே ஆபரேஷன் தேதிய சொல்லிடுங்க.