ஐந்தாம் வகுப்புப் பிள்ளையோடு நியூஜெர்சிக்குக் கிளம்புகிற தங்கைக்கு

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வீட்டுக்காரருக்கு நியூஜெர்சியில் வேலை. ஆகஸ்ட் கடைசியில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். மகன் ஏப்ரலில் நாலாம் வகுப்பு முடித்தான், செப்டம்பரில் அங்கே ஐந்தாம் வகுப்பு. "ரேங்க் கார்டு கிடையாதாம், வீட்டுப்பாடமும் அதிகம் இல்லையாம். அப்படியென்றால் பிள்ளை படிக்கிறானா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும் அக்கா?" இதுதான் கேள்வி.

நான் அங்கே போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. என் மகன் உங்கள் பிள்ளையைப் போலவே இங்கே நாலாம் வகுப்பு முடித்துவிட்டு அங்கே ஐந்தாவதில் சேர்ந்தவன். மகள் அங்கேயே பிறந்து, போன மாதம்தான் ஐந்தாவது முடித்தாள். இரண்டு பேர் வழியாகவும் அந்த ஒரு வருடத்தைப் பார்த்திருக்கிறேன். இப்போது விடுமுறைக்குத் தேவிபட்டினத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கச்சான் காற்றில் கதவு ஜன்னலெல்லாம் அடித்துக்கொண்டிருக்க, திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கேள்விக்கு நேரான பதில் இதுதான்: நீங்களாகப் போய்க் கேட்டால்தான் தெரியும். நம் ஊரில் பள்ளிக்கூடம் அம்மா அப்பாவைக் கூப்பிட்டால் ஏதோ புகார் என்று அர்த்தம். கூப்பிடாதவரை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இருந்துவிடுவோம். அங்கே அம்மா அப்பா வந்து பேசுவார்கள், மின்னஞ்சல் போடுவார்கள் என்று டீச்சர் எதிர்பார்க்கிறார். நாம் போகவில்லை என்றால் நமக்குக் கேட்க ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

இதை நான் கற்றுக்கொள்ள என் மகனுடைய அரை வருடம் போனது. சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுப்பார்கள். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பேசுகிற மொழி எது என்று அதில் இருக்கும். தமிழ் என்று எழுதினால் கீழ் வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் என்று எழுதினேன். நவம்பரில் டீச்சரைப் பார்க்கப் போனபோது, "ரொம்ப மரியாதையான பையன், அமைதியான பையன்" என்றார். நம் காதில் அது பாராட்டு, அதனால் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். பிப்ரவரியில் அவனுடைய அறிவியல் நோட்டைத் தற்செயலாகத் திறந்தால் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. வகுப்பில் பேசுகிற வேகம் அவனுக்குப் பிடிபடவே இல்லை. கேட்கவும் பயம். புரிந்ததா என்று டீச்சர் கேட்டால் நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டியிருக்கிறான். ஆம் என்கிறானா இல்லை என்கிறானா என்று அவருக்கும் தெரியவில்லை.

மறுநாளே போய் உண்மையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஒரு சின்னத் தேர்வு வைத்துப் பார்த்து, ஆங்கிலத்துக்கென்று தனியாக உதவி கொடுத்தார்கள். அதை ஈஎஸ்எல் என்பார்கள். தினமும் கொஞ்ச நேரம் நாலைந்து பிள்ளைகளோடு வேறு ஒரு டீச்சர் உட்கார்ந்து பேசவைப்பார், எழுதவைப்பார். மற்ற நேரம் தன் வகுப்பில்தான் இருந்தான், கீழ் வகுப்புக்கு யாரும் அனுப்பவில்லை. ஜூனில் பள்ளி முடியும்போது கை தூக்கிப் பதில் சொல்கிற பையனாகிவிட்டான். அதனால் தங்கச்சி, அந்தப் படிவத்தில் தமிழ் என்றே எழுதுங்கள். அந்த உதவி அவனுக்கு உரியது. உங்களுக்கே ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பெற்றோருக்குப் புரிகிற மொழியில் விஷயத்தைச் சொல்வது அங்கே பள்ளியின் கடமை.

அடுத்தது, கிளம்புவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை: தடுப்பூசி. நம் அரசு அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் கிடையாது. நியூஜெர்சியில் பள்ளியில் சேர்க்க அந்த இரண்டும் வேண்டும். ராமநாதபுரத்தில் பிள்ளை டாக்டரிடம் காட்டி, போடாததைப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, அங்கே தேதியில் மாதம்தான் முதலில் வரும். 3/7 என்று அட்டையில் இருந்தால் மார்ச் 7 என்று படிப்பார்கள். மாதத்தை எழுத்தில் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இந்தச் சின்ன விஷயத்தில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி பாடத்துக்கு வருகிறேன். கணக்கில் உங்கள் மகன் பின்தங்க மாட்டான், ஆனால் குழம்புவான். நாம் லட்சத்துக்கு 1,00,000 என்று கமா போடுகிறோம், அங்கே 100,000. லட்சம் கோடி கிடையாது, மில்லியன் பில்லியன்தான். வகுத்தலில் ஈவை நாம் வலது பக்கம் எழுதுகிறோம், அங்கே வகுபடும் எண்ணுக்கு மேலே எழுதுகிறார்கள். அங்குலம், அடி, பவுண்டு, கேலன் எல்லாம் புதிதாக வரும். ஐந்தாவதில் முக்கியமாக வருவது பின்னம்: பகுதி எண் வேறுவேறாக இருக்கிற பின்னங்களைக் கூட்டுவது, கழிப்பது. அப்புறம் தசமம், கன அளவு. விடை மட்டும் எழுதினால் போதாது. எப்படி வந்தது என்று படம் போட்டோ வாக்கியத்திலோ விளக்க வேண்டும். வாய்ப்பாடு தெரிந்த நம் பிள்ளைகள் சட்டென்று விடையை எழுதிவிட்டு, "விளக்கு" என்ற இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். வீட்டில் கணக்குப் போடும்போது "எப்படி வந்தது, எனக்குச் சொல்லிக் கொடு" என்று நீங்கள் கேட்டுப் பழக்குங்கள், தமிழில் சொன்னாலும் பரவாயில்லை.

உண்மையான மாற்றம் வாசிப்பிலும் எழுத்திலும்தான். நம் பள்ளியில் கேள்விக்குப் பதில் பாடத்திலேயே இருக்கும், மனப்பாடம் செய்தால் மார்க். அங்கே ஒரு கதையைக் கொடுத்து, "இவன் ஏன் பொய் சொன்னான் என்று நினைக்கிறாய், கதையில் எந்த வரி அதைக் காட்டுகிறது?" என்று கேட்பார்கள். தன் கருத்தைச் சொல்லி அதற்குச் சான்றும் காட்ட வேண்டும். பாடப்புத்தகம் என்று கையில் தூக்கிக்கொண்டு வருவது குறைவு, பாதி வேலை க்ரோம்புக் என்கிற சின்ன மடிக்கணினியில் நடக்கும். அதில் எங்கிருந்தோ எடுத்து அப்படியே ஒட்டிவிட்டால் பெரிய தப்பாக எடுத்துக்கொள்வார்கள். அதை முதல் வாரமே அவனிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுப்பாடம் குறைவு என்று கேள்விப்பட்டது சரிதான், ஆனால் தினமும் இருபது நிமிடமாவது புத்தகம் வாசிக்கச் சொல்வார்கள். அதை வீட்டுப்பாடமாக நினைக்காமல் விட்டுவிடுகிறோம். ஊரில் இருக்கிற பொது நூலகத்தில் முதல் மாதமே அட்டை வாங்கிவிடுங்கள், காசு இல்லை. தமிழை நிறுத்திவிட வேண்டாம். தமிழில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்திலும் சொல்லும். என் வீட்டில் நான் கண்டது இது.

அறிவியல் அங்கே எனக்குப் பிடித்த பாடம். ராமேசுவரத்தில் அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பறவை எப்படிப் பறக்கிறது என்று ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் கடற்கரைக்கே கூட்டிக்கொண்டு போய்ப் பறவைகளைக் காட்டினார். கலாம் பல மேடைகளில் சொன்ன செய்தி இது. அங்கே பாடம் அந்த மாதிரிதான் தொடங்குகிறது: முதலில் ஒன்றைக் காட்டுவார்கள், ஏன் இப்படி என்று கேட்பார்கள். தண்ணீரில் உப்பைக் கரைத்தால் உப்பு எங்கே போனது, எடை குறையுமா என்பது ஐந்தாவதில் வருகிற பாடம். வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்த பிள்ளைக்கு இதில் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஆனால் நம் ஊர் விஷயத்தை அங்கே சொல்லலாமா என்று தயங்குவான். சொல்லலாம் என்று நீங்கள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

தேர்வைப் பற்றிப் பதற வேண்டாம். வசந்த காலத்தில் மாநிலத் தேர்வு ஒன்று வரும். ஆங்கிலமும் கணக்கும் மூன்றாவதிலிருந்தே உண்டு, ஐந்தாவதில் அறிவியலும் சேரும். அது பாஸ் ஃபெயில் தேர்வு இல்லை. ரிப்போர்ட் கார்டிலும் பல ஊர்களில் மார்க்குக்குப் பதிலாக, எதிர்பார்க்கிற அளவை எட்டினானா, நெருங்கினானா என்றுதான் இருக்கும். யாரைவிட யார் மேல் என்று அதில் தேடாதீர்கள்.

பாடத்துக்கு வெளியே சில விஷயங்கள். மதியம் விளையாட விடுகிற நேரத்தை ரீசஸ் என்பார்கள். ஐந்தாவது வரை தினமும் 20 நிமிடமாவது விட வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். குளிரிலும் வெளியே விடுவார்கள், அதனால் நல்ல கோட்டும் கையுறையும் அங்கே போய் வாங்குங்கள், இங்கே வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். தலைவலி மாத்திரைகூடப் பையில் போட்டு அனுப்பக் கூடாது. டாக்டர் கையெழுத்தோடு பள்ளி நர்ஸிடம்தான் கொடுக்க வேண்டும்.

தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று மாதம் ஒரு பயிற்சியும், ஆபத்தான ஆள் யாராவது பள்ளிக்குள் நுழைவது போன்ற நேரத்துக்காக மாதம் ஒரு பாதுகாப்புப் பயிற்சியும் நடக்கும். பாதுகாப்புப் பயிற்சியில் சில நாள் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் உட்காரவைப்பார்கள். முன்னால் சொல்லாவிட்டால் பிள்ளை நிஜமாகவே பயந்துபோகும். என் மகன் அன்று இரவு தூங்கவில்லை. இது பயிற்சிதான் என்று போகும் முன்பே சொல்லி வையுங்கள்.

வயதுக்கு வரும்போது உடம்பில் வருகிற மாற்றங்கள் பற்றிய பாடமும் ஐந்தாவதுக்குள் வரும். நம் வீடுகளில் இதைப் பேசியே பழக்கம் இல்லை. வேண்டாம் என்று நினைக்கிற பெற்றோர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு. நான் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்தேன், நீங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். என் மகள் வகுப்பில் இருந்தபோதே பெரியவளானாள், பயப்படாமல் நேராக நர்ஸிடம் போனாள். அந்தத் தைரியம் அந்தப் பாடத்தில் வந்தது.

சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தோ பேச்சைக் கேட்டோ யாராவது கேலி செய்தால் "விடு, கண்டுக்காதே" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். 2011-இல் வந்த சட்டப்படி அங்கே ஒவ்வொரு பள்ளியிலும் இதைக் கவனிக்கவே ஒருவர் பொறுப்பில் இருக்கிறார். நடந்ததை எழுதிக் கொடுங்கள், விசாரித்தே ஆக வேண்டும்.

விடுப்பு விஷயத்தில் கவனம். வருடத்துக்கு 180 நாள் பள்ளி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 நாள் வராவிட்டால், தொடர்ந்து விடுப்பு எடுக்கிற பிள்ளை என்று குறித்துவிடுவார்கள். அதனால் தை அமாவாசைக்கு ஊருக்கு வர முடியாது, ஆடி அமாவாசைக்குத்தான். என் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நவம்பரில் டீச்சரோடு கால் மணி நேரம் கிடைக்கும். மூன்று கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். வகுப்பில் அவனாகப் பேசுகிறானா? மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்? எந்த இடத்தில் தடுமாறுகிறான்? "நன்றாகப் படிக்கிறானா?" என்று மட்டும் கேட்டால் "நன்றாக இருக்கிறான்" என்பதுதான் பதிலாக வரும். அவன் எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நான் ஆகஸ்ட் 20 வரை தேவிபட்டினத்தில்தான் இருப்பேன். மண்டபத்திலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது, ஒரு நாள் மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள், தேதிகளைச் சேர்ந்து பார்த்துவிடுவோம். அவன் கேட்க வேண்டியதை என் மகளிடமே கேட்கட்டும், நம்மிடம் கேட்காததையெல்லாம் அவளிடம் கேட்பான்.