கிகாலியில் கடை போடலாமா என்று கேட்ட பந்தலூர் தம்பிக்கு

தம்பி, உன் கேள்வி வந்தபோது நான் பந்தலூரில்தான் இருந்தேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்தவன், மழை விடாமல் வீட்டோடு கிடக்கிறேன். தேவாலா பக்கம் மூன்று நாளாக வெயில் முகமே இல்லை. நீ ருவாண்டாத் தலைநகர் கிகாலி போய்ச் சேர்ந்து மூன்று வாரம் என்கிறாய். உன் பெரியப்பாவும் நானும் ஒரே தேயிலை ஃபேக்டரியில், இலையை நசுக்கும் சி.டி.சி. மெஷின் பக்கத்தில் நின்றவர்கள். அந்த உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன்.

மூன்று விஷயம் கேட்டிருக்கிறாய். ருவாண்டாவில் ஒரே நாளில் கம்பெனி பதியலாம் என்பது உண்மையா? அவ்வளவு ரத்தம் சிந்திய நாட்டில் முதல் போட்டால் நிலைக்குமா? அம்மாவின் நகையை அடகு வைத்து, வேலையை விட்டுவிட்டு, தேயிலை மெஷின்களுக்கு உதிரிபாகக் கடை போடலாமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். உண்மைதான். 2016ல் அங்கே தேயிலை மெஷின் ரோலர்களுக்குப் பல் வெட்டும் என் பட்டறையைப் பதிந்தபோது இணையத்தில் விண்ணப்பித்தேன், கட்டணம் இல்லை, மறுநாள் சான்றிதழ் வந்துவிட்டது. 'கொஞ்சம் பார்த்துக் கொடுங்க' என்று யாரும் தலையைச் சொறியவில்லை. முன்பு வெவ்வேறு அலுவலகங்களில் கிடந்த வேலைகளை 2008ல் ருவாண்டா மேம்பாட்டு வாரியம் என்று ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்கள். தொழில் செய்ய எளிதான நாடுகள் என்று உலக வங்கி போட்டுவந்த பட்டியலில் 2010 அறிக்கையில் மட்டும் 143ஆம் இடத்திலிருந்து 67க்கு ஏறினார்கள். 2019 அறிக்கையில் 29ஆம் இடம். அந்தப் பட்டியலையே சில நாடுகளின் புள்ளிவிவரத்தில் முறைகேடு நடந்ததால் 2021ல் உலக வங்கி நிறுத்திவிட்டது. நீ பட்டியலில் உள்ள இடத்தைப் பார்த்து முடிவெடுக்காதே.

இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு நம் ஊர் நிலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பா இலங்கையின் ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். கூலிக்குப் போய்ச் சேர்த்த காசில் ஒரு ஏக்கரைத் திருத்தித் தேயிலை வைத்தார். அது செக்‌ஷன் 17 நிலம். 1969 ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவு நம் கூடலூர், பந்தலூர்க்காரர்களை என்ன பாடு படுத்துகிறது என்று உனக்குத் தெரியும். அரை நூற்றாண்டாக உழைத்த மண்ணுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் வங்கி உள்ளே விடாது, மின் இணைப்புக்கும் அலைச்சல். அப்பா சாகும்வரை வட்டிக்காரரிடம்தான் கை நீட்டினார்.

இப்போது ருவாண்டாவில் நடந்ததைப் பார். 1994 ஏப்ரலில் தொடங்கி நூறு நாளில் எட்டு லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்த ஒரே ஆண்டில் நாட்டின் உற்பத்தி பாதியாகிவிட்டது. 1959 கலவரத்தில் ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள், 1994ல் ஓடியவர்களும் பின்னால் திரும்பி வந்தார்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் உரிமை கேட்ட நாடு அது. 2009 முதல் 2013 வரை மலை மலையாக ஏறி நிலத்தைப் பதிந்தார்கள். மேலிருந்து எடுத்த படத்தைத் தாளில் அச்சிட்டு, அக்கம்பக்கத்துக்காரர்களை வரப்பில் நிறுத்தி, 'இது யாருடையது' என்று கேட்டு அந்தப் படத்திலேயே கோடு போட்டார்கள். கோடு போட்டவர்கள் அந்தந்த ஊரிலேயே பயிற்சி கொடுத்து எடுத்த பிள்ளைகள். ஒரு கோடிக்கும் மேல் மனைகள். சட்டப்படி மணம் முடித்தவர்கள் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரும் காகிதத்தில் ஏறும்.

என் பட்டறை இருக்கும் ஷெட் ஒரு வயதான அம்மாவுடையது. 1994ல் வீட்டில் அவர் ஒருவரைத் தவிர யாரும் மிஞ்சவில்லை. அவர் அந்த நிலக் காகிதத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி ஷெட் போட்டார். நான் வாடகைக்கு எடுத்தேன். இன்று உள்ளூர்ப் பையன்கள் ஆறு பேர் அங்கே ரோலர் பல் வெட்டுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் அவர் கையில் வாடகையைக் கொடுக்கும்போது அப்பாவின் ஒரு ஏக்கர்தான் ஞாபகம் வரும். அந்த மாதிரி ஒரு தாள் அப்பா கையில் இருந்திருந்தால் நான் கடல் தாண்டியே இருக்க மாட்டேன்.

கோர்ட்டும் அப்படித்தான். வியாபார வழக்குகளுக்கென்றே 2008ல் தனி நீதிமன்றங்கள் வைத்தார்கள். ஒரு ஃபேக்டரி எனக்கு எட்டு மாதக் கூலியைப் பாக்கி வைத்தது. வழக்குப் போட்டேன், ஆறு மாதத்துக்குள் பணம் வந்தது. நம் ஊரில் என் சித்தப்பா போட்ட வரப்பு வழக்கை இப்போது அவர் மகன் நடத்துகிறான்.

ஆகவே போட்ட முதல் நிலைக்குமா என்றால், சட்டத்தின் பக்கம் நிலைக்கும் என்பேன். ஆனால் கடை நடக்க வேண்டுமே, அதற்கு வேறு கணக்கு இருக்கிறது.

நாடு முழுக்கச் சேர்த்தாலும் தேயிலை ஃபேக்டரிகள் இருபதை ஒட்டித்தான் இருக்கும். குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் மட்டும் அதைவிடப் பல மடங்கு. ருவாண்டாத் தேயிலையில் பெரும்பகுதி கென்யாவின் மொம்பாசா ஏலத்துக்குப் போகிறது. விவசாயிக்குக் கொடுக்கும் பச்சைத் தேயிலை விலையையும் விற்ற விலையோடு சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஏலம் சரிந்தால் விவசாயிக்குக் கொடுப்பதை நிறுத்த முடியாது, ஃபேக்டரி முதலில் தள்ளிப்போடுவது நம்மைப் போன்றவர்களின் பில்லைத்தான். மூன்று மாதம் காசு வராமல் தாங்க முடியுமா என்று யோசி.

சாமான் வரும் வழியும் நீளம். கோயம்புத்தூரில் ஏற்றும் பேரிங் மொம்பாசாவில் இறங்கி, அங்கிருந்து லாரியில் சுமார் 1,700 கிலோமீட்டர் வர வேண்டும், நடுவில் எல்லைகள். உகாண்டாவின் மேற்குப் பக்க ஃபேக்டரிகள் நான்கு எனக்கு வாடிக்கையாக இருந்தன. 2019 பிப்ரவரியில் கட்டுனா எல்லை மூடியது. இரண்டு அரசுகளுக்கும் இடையே மனக்கசப்பு. திறந்தது 2022 ஜனவரி கடைசியில். அந்த மூன்று வருடத்தில் என் வேலையில் பாதி போய்விட்டது. பையன்களை நிறுத்த மனம் வராமல், மனைவியின் வளையல்களை விற்றுச் சம்பளம் கொடுத்தேன். பதிவு, வரி, கோர்ட் எல்லாம் ஒழுங்காக இருந்தும் பக்கத்து நாட்டோடு உறவு கெட்டால் வியாபாரம் படுத்துவிடுகிறது. இப்போது காங்கோ பக்கம் நடப்பதையும் நான் கவலையோடுதான் பார்க்கிறேன்.

வரி விஷயத்தில் கவனமாக இரு. வாட் 18 சதவீதம். வாட்டில் பதிந்தவர்கள் மின்னணு ரசீது இயந்திரத்தில்தான் பில் போட வேண்டும் என்பது 2013லிருந்து இருக்கிறது. முதல் வருடம் கரண்ட் இல்லாத ஒரு நாள் கையால் இரண்டு பில் எழுதிக் கொடுத்தேன், அபராதம் வந்தது. தவறு என்னுடையது, கட்டினேன். அங்கே 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கிடையாது.

வங்கிக் கடன் வட்டி பதினாறு, பதினேழு சதவீதம் வரை போகும். நீ சாமான் வாங்குவது ரூபாயிலும் டாலரிலும், விற்பது ருவாண்டா ஃபிராங்கில். ஃபிராங்க் டாலருக்கு எதிராக வருடா வருடம் இறங்குகிறது. போன வருட லாபம் இந்த வருடம் அதே சாமானை வாங்கப் போதாது.

பழகும் முறையும் தெரிந்துகொள். யாரிடமும் ஹூட்டு இனமா, டுட்சி இனமா என்று கேட்காதே. விளையாட்டுக்கும் கேட்காதே. 1994க்குப் பிறகு அடையாள அட்டையிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 7 தொடங்கி ஒரு வாரம் துக்கம், பாட்டுச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை உமுகாண்டா, ஊரே சேர்ந்து தெரு வேலை செய்யும். கடையைச் சாத்திவிட்டு மண்வெட்டியோடு போ. எனக்கு மொழி வந்ததும் மனிதர்கள் கிடைத்ததும் அங்கேதான். அரசைப் பற்றி டீக்கடையில் நாம் பேசுவதுபோல அங்கே யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். அந்த அமைதி எனக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் பாரமாகத்தான் இருக்கிறது, உனக்கு மறைக்க விரும்பவில்லை.

கடையை இப்போது போடாதே. உன் விசா ஃபேக்டரி வேலைக்குத் தந்தது, அதை வைத்துக்கொண்டு தனித்தொழில் செய்தால் சிக்கல். இரண்டு வருடம் அந்த வேலையிலேயே இரு. எந்த ஃபேக்டரியில் எந்த மெஷின், எந்த மாதம் என்ன தேய்கிறது, யார் நேரத்துக்குக் காசு கொடுக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவா. கின்யருவாண்டா மொழியைக் கற்றுக்கொள். அதற்குப் பிறகும் கடை போட மனம் இருந்தால் என் பட்டறையில் ஒரு மூலையில் தொடங்கு, ஆறு மாதத்துக்கு வாடகை வேண்டாம்.

அடுத்த மாதம் 10ஆம் தேதி வாக்கில் கிகாலி திரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. உன் அம்மாவை நேற்றுக் கடைவீதியில் பார்த்தேன், நகையைப் பற்றி அவரே பேச்செடுத்தார். அடகுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இஞ்சி, மிளகு, ஒரு கிலோ நம் ஃபேக்டரித் தூள் கொடுத்துவிட்டிருக்கிறார். கொண்டுவருகிறேன்.