பாடுகிற பையனா, நடத்துகிற பையனா?

திருச்சியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 118. சனி, ஞாயிறு வந்தால் பக்கத்து மினி ஹாலில் கூடும், பாட்டின் இசையை மட்டும் ஓடவிட்டு அதோடு சேர்ந்து பாடும் ஒரு கரோக்கே குழுவுக்கு லேப்டாப்பும் மைக்கும் பார்த்துக்கொள்ளப் போய்விடுகிறான். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்களாம். "17 வயசுப் பையனுக்கு அவங்க நடுவுல என்ன வேலை? என் அண்ணன் சென்னையில கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட் பேசி வச்சிருக்கார். நன்கொடை 3 லட்சம், வருஷத்துக்கு 1.75 லட்சம். சொந்தக்காரங்க எல்லாம் அதையே சொல்றாங்க."

கவலை புரிகிறதம்மா. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் சேர்க்கை தேதி போய்விடும். நேராகவே சொல்கிறேன்: அந்த சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

நன்கொடை 3 லட்சம், நான்கு வருடக் கட்டணம் 7 லட்சம், ஆக 10 லட்சம். விடுதியும் சாப்பாடும் தனி. இதில் 7 லட்சத்தை வங்கிக் கடனாக 10.5 சதவீத வட்டிக்குப் பத்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 9,450 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை நான் இதில் சேர்க்கவில்லை. அந்த 3 லட்சம் கடனிலும் வராது, ரசீதிலும் வராது. நன்கொடை வசூலைத் தடை செய்து தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை. அந்தப் படிப்பில் பிடிப்பில்லாத பையனை நான்கு வருடம் அங்கே உட்கார வைத்தால் அரியர்தான் சேரும்.

பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளூர் அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியலோ பி.காம்.மோ சேருங்கள், சில ஆயிரங்களில் முடியும், மாலையும் வார இறுதியும் அவன் கையில் இருக்கும். விஸ்காம், அனிமேஷன் பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள், நான் விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்றைப் பேசலாம். பையன் சனிக்கிழமை செய்துகொண்டிருப்பதே ஒரு தொழில்.

"அது வயசானவங்க விஷயம்" என்கிறீர்கள். பாட வருகிறவர்களின் வயதையும் நடத்துகிறவரின் வயதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். கரோக்கே பிறந்த கதையைப் பாருங்கள். 1967-இல் டோக்கியோவில் முதல் கருவிகளில் ஒன்றைச் செய்த ஷிகேயிச்சி நெகிஷி, நாற்பதைத் தாண்டிய மின்னணுத் தொழிற்சாலைக்காரர். 1971-இல் கோபே நகரில் வாடகைக்குக் கருவி விட்ட டைசுகே இனோவே, மது விடுதிகளில் வாசித்துவந்த முப்பது வயதை ஒட்டிய டிரம்மர். பிலிப்பைன்ஸில் இதே மாதிரிக் கருவிக்குக் காப்புரிமை வாங்கிய ராபர்டோ டெல் ரொசாரியோ பியானோ செய்து விற்றவர். மூவரும் பாடகராகப் பேர் வாங்கியவர்கள் இல்லை. அடுத்தவரைப் பாடவைக்கிற இடத்தில் நின்றவர்கள்.

நம் ஊரிலும் அப்படித்தான். ஒரு வகை, பழைய மெல்லிசைக் குழுவில் கீபோர்டோ ரிதம் பேடோ வாசித்தவர்கள். கல்யாணங்களில் ஆர்கெஸ்ட்ரா இடத்தை டிராக், அதாவது பாடகர் குரல் இல்லாத இசைப் பதிவு, பிடித்த பிறகு அவர்களில் பலர் லேப்டாப் பக்கம் வந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், காது பிரமாதம், கேபிள் ஒழுங்கு சுமார். இன்னொரு வகை, வங்கி, தபால், ரயில்வேயில் ஓய்வு பெற்றுப் பாட்டுக் குழு ஆரம்பித்தவர்கள். கணக்கும் வாட்ஸ்அப் பட்டியலும் சுத்தமாக இருக்கும், மைக் கூவினால் கையைப் பிசைவார்கள். சவுண்ட் சர்வீஸ் பையன்களுக்கு ஸ்பீக்கர் தெரியும், யாருக்கு எந்தச் சுருதி என்று தெரியாது. இருபதுகளில் இருக்கும் தொகுப்பாளர்கள் பேச்சில் கெட்டி, கருவியைத் தொடமாட்டார்கள். நாலு பேரிடமும் ஒவ்வொரு ஓட்டை இருக்கிறது. நாலையும் அடைக்கிற ஒருவனுக்குத்தான் ஆள் தேடுகிறார்கள். 17 வயதில் இரண்டு வகைப் பெரியவர்களோடு பழகுகிற வாய்ப்பு உங்கள் பையனுக்குத் தானாக அமைந்திருக்கிறது.

அப்படி என்ன பெரிய வித்தை என்று மாமா கேட்பார். சொல்கிறேன்.

முதலில் வரிசை. மூன்று மணி நேர நிகழ்ச்சியில் மைக் சோதனைக்கும் டீக்கும் 20 நிமிடம் போனால் மிச்சம் 160. ஒரு பாட்டுக்கு ஆள் மாறும் நேரத்தோடு ஐந்தரை நிமிடம். ஆக 29 பாட்டு. 15 பேர் வந்தால் ஏறக்குறைய இரண்டு சுற்று, 30 பேர் வந்தால் ஒன்றே. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். முதல் சுற்று முடியாமல் யாருக்கும் இரண்டாவது பாட்டு கிடையாது, ஹாலுக்குப் பணம் கொடுத்தவருக்கும் கிடையாது. குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பெயரை ஏழரைக்கு முன்னால் போட வேண்டும். எம்.எஸ்.வி. பாட்டாகவே வரிசையாக ஐந்து வந்தால் நாற்பது வயதுக்காரர்கள் வெளியே போன் பேசப் போய்விடுவார்கள், நடுவில் ராஜா பாட்டு ஒன்றைச் செருக வேண்டும்.

அடுத்தது சுருதி. முப்பது வருடம் முன்பு பாடிய உயரத்திலேயே இன்றும் பாடலாம் என்று 65 வயதுக்காரர் நினைப்பார். சரணத்தில் குரல் உடையும். டிராக்கை இரண்டு செமிடோன் (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி ஒரு செமிடோன்) இறக்கினால் காப்பாற்றிவிடலாம். மூன்றுக்கு மேல் போனால் தபலாவும் வயலினும் பொய்ச் சத்தமாகக் கேட்கும், வேறு சுருதியில் எடுத்த டிராக்தான் தேட வேண்டும். சாஃப்ட்வேர் செமிடோன் கணக்கில் பேசும், பெரியவர்கள் கட்டைக் கணக்கில் பேசுவார்கள். 5 கட்டையை ஒரு செமிடோன் இறக்கினால் 4½. ஆனால் 4 கட்டையை ஒரு செமிடோன் இறக்கினால் 3, ஏனென்றால் அந்த இரண்டுக்கும் நடுவில் அரைக்கட்டை கிடையாது. இது தெரியாமல் "அரைக்கட்டை குறைச்சேன் சார்" என்று சொல்லி மாட்டிக்கொள்கிற பையன்கள் உண்டு. இன்னொன்று, "சுருதி இறக்கட்டுமா" என்பதைப் பெயர் எழுதும்போதே காதோடு கேட்க வேண்டும். மைக்கில் கேட்டால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

மைக் கூவுவதற்குப் பாதிக் காரணம் பிடிக்கிற விதம். கார்டியாய்ட் மைக் முன்னால் வரும் குரலை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதை ஒதுக்கும். வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் அந்த ஒதுக்கல் போய், ஸ்பீக்கர் சத்தமும் உள்ளே நுழையும். இன்னொரு பாதி, ஸ்பீக்கரைப் பாடுகிறவருக்குப் பின்னால் வைப்பது. ஸ்பீக்கர் அவருக்கு நாலடி முன்னால், கூட்டத்தின் தலைக்கு மேல் உயரத்தில் நிற்க வேண்டும். ஒலிகளைக் கலந்து அளவு பார்க்கும் மிக்ஸரில், குரல் சானலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டிவிட்டால் மூச்சு மோதும் சத்தம், மைக்கில் கை படும் அதிர்வு எல்லாம் அடங்கும். "எக்கோ போடு தம்பி" என்று எல்லாரும் கேட்பார்கள். தகரக் கூரை ஹாலில் எக்கோ போட்டால் வார்த்தை கரைந்துவிடும், கொஞ்சம் போட்டது போல் காட்டினால் போதும்.

லேப்டாப்பிலிருந்து மிக்ஸருக்குக் கேபிள்தான், ப்ளூடூத் கூடாது. சத்தம் தாமதமாகி, திரையில் வரி ஓடுகிற வேகமும் பாட்டும் ஒட்டாது. கேபிள் போட்ட பின் 'ம்ம்ம்' என்று இரைந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு மின் இணைப்பின் எர்த்தில், நடுவில் ஒரு டிஐ பாக்ஸ், அதாவது அந்த இரைச்சலைத் தடுக்கும் சிறு இணைப்புப் பெட்டி, போட்டால் சரியாகும். டிராக்குகள் முன்கூட்டியே இறக்கி, சத்த அளவு சமப்படுத்தி வைத்திருக்க வேண்டும். இணையத்தில் நேரடியாக ஓட்டினால் பல்லவிக்கு முன் விளம்பரம் வரும்.

இப்போது பணம். "அப்படின்னா சொந்தமா செட் வாங்கித் தரேன்" என்று அவன் அப்பா கிளம்பக்கூடாது. மேனேஜ்மென்ட் சீட்டுக்குச் சொன்ன அதே கறாரோடு இதற்கும் சொல்கிறேன். ஒரு நல்ல டைனமிக் மைக், காதை மூடும் ஹெட்போன், நாலு கேபிள், டிஐ பாக்ஸ், டிராக் வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க், இவ்வளவுதான் முதல் வருடம். ஸ்பீக்கரும் மிக்ஸரும் சவுண்ட் சர்வீஸில் வாடகை. சொந்த ஸ்பீக்கர் என்றால் ஏற்றி இறக்க ஆட்டோ, வைக்க இடம், கோன் கிழிந்தால் செலவு. ஐம்பது நிகழ்ச்சி அடுத்தவர் கருவியில் நடத்திய பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அதனால் பத்து மாத வருமானத்தில்தான் வருடம் ஓடும். பள்ளி ஆண்டு விழா, தேவாலய விழா என்று சவுண்ட் வேலையும் சேர்ந்தால்தான் இது பிழைப்பாகும். பிறகு ஒலிப்பதிவில் ஆழமாகப் போக நினைத்தால் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது.

பார் வைத்த ஓட்டல்களில் கரோக்கே இரவு நடத்தக் கூப்பிடுவார்கள், சம்பளமும் கூடுதலாக இருக்கும். 21 வயது வரை வேண்டாம். குடிக்கவே சட்டம் அனுமதிக்காத வயதில் அங்கே நடுராத்திரி வரை நிற்க அவசியமில்லை. இதில் பையனோடு பேரம் பேசாதீர்கள். கல்யாண வீட்டில் பாட்டு போடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு உண்டு, ஓட்டல் கரோக்கே இரவுக்கும் டிக்கெட் நிகழ்ச்சிக்கும் அது கிடையாது. உரிமம் யார் எடுப்பது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும்.

கடைசியாக ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வருகிற சனிக்கிழமை அந்த ஹாலில் பின்வரிசையில் மூன்று மணி நேரம் உட்காருங்கள். வீட்டுக்கு வந்ததும், யார் யார் என்ன கட்டையில் பாடுகிறார்கள், எந்தப் பாட்டில் யாருக்கு மூச்சு முட்டும், யார் சீக்கிரம் கிளம்புவார்கள் என்று அவன் குறித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். நோட்டிலோ போனிலோ, எதில் இருந்தாலும் சரி. இருந்தால் நான் மேலே சொன்னதை அப்படியே செய்யுங்கள். குறிப்பு எதுவும் இல்லாமல், தன் பாட்டு எப்போது வரும் என்றுதான் அவன் கவனம் இருந்ததென்றால், அவனுக்குப் பிடித்தது பாடுவது. அப்போது பட்டப் படிப்போடு ஒரு நல்ல பாட்டு வாத்தியாரைத் தேடுங்கள். அண்ணன் பேசி வைத்த சீட்டு இரண்டு வழியிலும் வேண்டாம்.