மீந்த சோற்றைச் சேர்த்து வீட்டில் ஈஸ்ட் ரொட்டி சுட முடியுமா?

தாராளமாகச் சுடலாம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே சோறு கலந்த ரொட்டி வழக்கத்தில் இருந்தது. வெந்த அரிசியின் மாவுச்சத்து நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் ரொட்டி மறுநாளும் மெத்தென்று இருக்கும்.

நான் 300 கிராம் மைதாவுக்கு 120 கிராம் சோறு எடுப்பேன். அதற்கு மேல் போனால் மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் வலுவிழந்து, ரொட்டி நடுவில் களிபோல் நின்றுவிடும். பேராசைப்பட்டு ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, உப்பும் அவ்வளவே, கொஞ்சம் எண்ணெய்.

தண்ணீரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பிசையப் பிசையச் சோறு நசுங்கி ஈரத்தை வெளியே விடும். முதலில் 130 மில்லி மட்டும் ஊற்றிப் பத்து நிமிடம் பிசைந்துவிட்டு, தேவையென்றால் மேலும் சேருங்கள். மாவு விரலில் லேசாக ஒட்டட்டும். பயந்து மைதாவைத் தூவ வேண்டாம். இரட்டிப்பாக உப்பியதும் அச்சிலிட்டு, மறுபடி உப்பவிட்டு, 190 டிகிரியில் 35 நிமிடம்.

ஃப்ரிட்ஜில் இருந்த சோறு விறைத்திருக்கும். ஆவியில் காட்டி, கைச்சூட்டுக்கு ஆறவிட்டு மசியுங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். இரவெல்லாம் வெளியே கிடந்த சோறு மட்டும் வேண்டாம். அதில் வளரக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் நஞ்சு அடுப்புச் சூட்டிலும் அழியாது.